நெற்றியில் இல்லாத சூடு

சர்... சர்... என்று தரையில் கால் தேயும் சத்தம். அதை வைத்தே பெரியவர் பாத்ரூமுக்குப் போகிறாரா, வாசலுக்கா என்று சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்கு ராத்திரித் துணையாக இருக்கும் எங்கள் தொழில் அப்படி. வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஞாயிற்றுக்கிழமை வேன்

மாடம்பாக்கத்தில் எண்பது வயதுப் பெரியவர். தினமும் எனக்குப் பேப்பர் படித்துக் காட்டி, கூடவே அரசியல்வாதிகளைத் திட்டிக் காட்டுவார். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு திங்கட்கிழமை என்னைச் செத்துப்போன தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சட்டையைக் காலில் மாட்டினார். இரண்டு நாளாக வாசல் கதவையே பிடித்துக்கொண்டு நின்றார்.

புதன் காலை நான் கிளம்பும்போது மகன் தாழ்ந்த குரலில் சொன்னார். பொத்தேரி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பேசிவிட்டாராம். "புத்தி பெசகிடுச்சிண்ணா, எங்களால முடியல. ஞாயித்துக்கிழமை வேன் வருது, அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

எங்கே சூடு?

அப்போது மருமகள் காபி கொண்டுவந்தார். "ஒரே சூடா கீதும்மா" என்றார் பெரியவர். மருமகள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், தெர்மாமீட்டர் வைத்தார். "சூடே இல்லையே மாமா!" அப்புறம் சந்தேகப்பட்டுக் காபியை ஆற்றியும் கொடுத்தார்.

இரண்டு நாளாக இதுவேதான் நடந்திருக்கிறது. மருமகள் உள்ளே போனதும் நான் குனிந்து, "எங்கங்க ஐயா சூடு?" என்றேன். கையை அடிவயிற்றில் வைத்தார். "ஒண்ணுக்குப் போனா எரியுதுப்பா. பொம்பளகிட்ட எங்கனு காட்டுவேன்?"

என் பங்கு

தண்ணீர் ஜாடி வைத்தபடியே நிறைந்திருந்தது. முந்தின வாரம் அவர் நாலு முறை எழுப்பியதில் எரிச்சலாகி, "ராத்திரியில தண்ணி கொஞ்சம் கம்மி பண்ணுங்கய்யா" என்றவன் நான்தான். அவர் பகலிலும் குறைத்துவிட்டார். நம் தூக்கத்துக்காக ஒருவர் தாகத்தை அடக்கியிருக்கிறார்.

மகனிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நின்றேன். "நானும் அப்பாகிட்ட அதையேதான் சொன்னேண்ணா" என்றார்.

பாட்டில்

அன்றைக்கே டாக்டரிடம் போனோம். வயதானவர்களுக்கு சிறுநீரில் கிருமி சேர்ந்தால் ஜுரமே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம் என்றார். ஆனால் வேறு காரணமும் இருக்கலாம், ரத்தத்தில் சர்க்கரையும் உப்பும்கூடப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

சேலையூர் லேபுக்கு மகன் நன்றாகக் கழுவிய பாட்டில் ஒன்றில் பிடித்துக் கொண்டுவந்தார். லேப் அக்கா மூடியைத் திறந்து முகர்ந்தார். சுத்தமான டப்பா ஒன்றைக் கொடுத்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொன்னார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: "இது யூரின் டெஸ்ட்டா சார், ஊறுகா டெஸ்ட்டா?"

நாலாம் நாள்

கிருமிதான். ஏழு நாளைக்கு மாத்திரை, இவ்வளவு தண்ணீர் என்று அளவு. ஞாயிறு காலை பெரியவர் பேப்பரைப் பிரித்து, பழையபடி திட்ட ஆரம்பித்தார். "நல்லாயிட்டாரே, மாத்திரைய நிறுத்திடலாமா?" என்றார் மகன். ஏழு நாளும் முடியட்டும் என்று அட்டையைப் பிடுங்கி வைத்தேன்.

தாம்பரம் தாண்டிவிட்ட வேனை மகன் கிசுகிசுப்பாகப் போனில் திருப்பி அனுப்பினார். பெரியவர் பேப்பரை இறக்கவில்லை. "சத்தமாவே சொல்லுடா. சட்டையத்தான் கால்ல மாட்டினேன், நீ பேசுனது எல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

பெரியவர்களின் புத்தியைச் சந்தேகப்படும் முன் மூத்திரத்தையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள் என்பதுதான் பள்ளிக்கூடம் போகாமல் நான் படித்த மருத்துவம் என்று நினைத்துக்கொண்டே, கட்டிலடியில் இருந்த யூரின் கேனை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.