விருந்தாளித் தண்ணீர்

சித்தி லெய்லா ராத்தாவின் வாய்க்குப் பயப்படாத அதிகாரி குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்தில் கிடையாது. அவருடைய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மறந்த அதிகாரியும் கிடையாது. இந்த இரண்டில் எங்கள் ஊரைக் கெடுத்தது எது என்று கேட்டால், தேத்தண்ணிதான் என்பேன். வாயால் ஒரு கெடுதியும் வரவில்லை.

நான் நளீர். ஊரே ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் சித்தி லெய்லாவின் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும் கடிதத்தை வாசிப்பதும் ஊரிலிருந்து போகும் கடிதத்தை எழுதுவதும் என் தலையில் விழுந்த வேலை. எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். என் கடிதங்களைப் படித்த அலுவலகங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எங்கள் ஊர் கடல்நீர் புகும் களப்போரத்தில் இருக்கிறது. இறாலுக்கும் நண்டுக்கும் குறைவில்லை, வாயில் வைக்கத்தான் தண்ணீர் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் இஸ்ஹாக் நானாவைக் கலியாணம் முடித்துக் கனமூலையிலிருந்து வந்த ராத்தா, வந்த அன்றே கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கெணறா, கடலா?" என்று கேட்டாராம். அவரே அதற்கு ஒரு வழியும் கண்டார். அவருடைய தம்பி ஃபஸ்லான் மரக்கறி லொறி ஓட்டுகிறான். வாரம் ஒரு தடவை கனமூலையில் வாப்பா வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்து இறக்குவான். அந்தக் கேன்கள் குசினி மூலையில் துணி போர்த்தி இருக்கும். அதுதான் விருந்தாளித் தண்ணீர். வீட்டாருக்கு அதில் ஒரு சொட்டும் கிடையாது.

"என்ட ஊட்டுக்கு ஒரு நாளாவது நான் விருந்தாளியா வரணும்," என்று இஸ்ஹாக் நானா கடையில் இருந்து பெருமூச்சு விடுவார். உப்புத் தேத்தண்ணி குடித்தே அவருக்குத் தலை நரைத்துவிட்டது என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

ராத்தாவிடம் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. விருந்தாளிக்குக் கொடுப்பதைச் சொல்லிக்காட்டக் கூடாது. "இது ஒங்களுக்கெண்டு தூரத்தால கொண்டுவந்த தண்ணி" என்று சொன்னால், கொடுத்ததின் நன்மை போய்விடும் என்பார். ஊரில் யாரும் இதில் பிழை காணவில்லை. நானும் காணவில்லை. எல்லாக் கூத்தும் அங்கேதான் தொடங்கியது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் உதவியோடு, ஓர் அரச அலுவலகம் எங்கள் ஊர் மண்டபத்தின் பக்கத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் கட்டியது. நீலத் தொட்டி, பூட்டிய அறை, இரண்டு சின்னங்கள் போட்ட பெரிய பலகை. திறப்பு விழாவன்று குழாயில் வந்த தண்ணீர் இனித்தது. முந்தின நாள் பின்னேரம் ஒரு தண்ணீர் பவுசர் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனதைக் கண்டவர்கள் உண்டு, மாலையும் கையுமாக நின்ற எங்களுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. இரண்டாவது கிழமை பழைய உப்பு திரும்பி வந்தது.

ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்க்கும் ஸப்ரான் ஒரு நாள் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "நளீர் நானா, உப்ப வடிக்கிற உருளை அஞ்சு நிக்கிது. ரெண்டுலதான் குழாய் பூட்டியிரிக்கி. மத்த மூணும் சும்மா நிப்பாட்டி வெச்சிரிக்காங்க," என்றான்.

நான் எழுதத் தொடங்கினேன். அலுவலகம், வெளிநாட்டுக்காரர்கள் சொன்னபடிதான் கட்டினோம் என்றது. வெளிநாட்டுக்காரர்கள், அலுவலகம் சரிபார்த்துத்தான் கையெழுத்திட்டது என்றார்கள். டீசல் இல்லாத வருடம் டீசல் இல்லை என்றார்கள். டீசல் வந்ததும் ஆள் இல்லை என்றார்கள். போத்தலில் எடுத்துப்போன தண்ணீர் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது. கடைசியில் இரண்டு தடவை அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். இரண்டு தடவையும் ராத்தா அவர்களை மண்டபத்தில் இருத்தி, கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டார். "மூணு உருளையும் வயித்த எக்கிட்டு நிக்கிது, ஒங்களுக்குப் பசிக்கல்லயா?" என்று ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே கேட்டார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஊருக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு, அந்த இரண்டு வருகைகளின் அறிக்கையையும் எடுத்தேன். கடை வாசலில் ஊரைக் கூட்டி உரத்து வாசித்தேன். "கிராம மக்கள் வழங்கிய தேநீரை நாமும் அருந்தினோம். உப்புச் சுவை சிறிதும் இல்லை. நீரின் தரம் திருப்திகரமானது." இரண்டாவது அறிக்கையிலும் அதே வரிதான். "தேநீர் மிகச் சிறப்பு" என்பது மட்டும் கூடுதல்.

எல்லோரும் மெல்ல ராத்தாவின் பக்கம் திரும்பினார்கள்.

அந்த வாய் மூடியதை அன்றுதான் நான் கண்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி வீட்டுக்குள் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு தடவையும் பக்கத்தில் இருந்து அதே தேத்தண்ணியை ரசித்துக் குடித்தவன் நான். இவ்வளவு எழுதத் தெரிந்தவனுக்கு அது உறைக்கவில்லையே!

உண்மையை விளக்கி மறுபடி எழுதினேன். இறுதி ஆய்வில் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி, எங்கள் பேச்சில் நோனா, வருவார், அலுவலகத்துப் பொறியியலாளரும் வருவார், அத்தோடு கோப்பு மூடப்படும். அதாவது அன்றைக்கும் திருப்தி என்று எழுதினால், அந்த மூன்று உருளைகளும் உலகம் அழியும் கியாமத்து நாள் வரை வெறுமையாகவே நிற்கும்.

நான் ராத்தாவிடம் போனேன். "இந்தத் தரம் குழாய்த் தண்ணியில ஊத்துங்க ராத்தா."

"வந்தவங்களுக்கு உப்புத் தண்ணி குடுக்கவா? என்ட வாப்பா கபுருக்குள்ளால எழும்பி வந்துருவாரு!"

"அப்ப ஊர்ப் புள்ளைகள் காலம் முழுக்க இதக் குடிக்கட்டுமா?"

அவர் குசினி மூலையில் இருந்த கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதிகாரியை ஏசச் சொன்னால் விடியும்வரை ஏசுவார், விருந்தாளிக்கு ஒரு கோப்பை கெட்ட தேத்தண்ணி கொடுக்க அவருக்குக் கை வராது. மறுநாள் காலையில் கடைக்கு வந்தார். "ரெண்டு கேத்தில் வெக்கிறன். முதல்ல எங்கட தேத்தண்ணி. பொறகு விருந்தாளித் தேத்தண்ணி. அதுக்கு மேல என்னக் கேக்க வேணாம்," என்றார்.

இறுதி ஆய்வு வந்தது தலவில தேவாலயத் திருவிழாக் காலத்தில். யாத்திரைக்காரர் பஸ்களுக்குள் மாட்டிக்கொண்டு வாகனம் பதினொரு மணிக்குத்தான் வந்தது. நோனாவோடு மொழிபெயர்க்க சுஜி என்ற பிள்ளையும் வந்திருந்தாள். பொறியியலாளர் பழைய ஆள், முதல் இரண்டு அறிக்கைகளிலும் கையெழுத்து அவருடையதுதான். வரும்போதே, "ராத்தாட தேத்தண்ணி ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ராத்தா குழாய்த் தண்ணீரில் ஊற்றிய முதல் கேத்திலோடு வந்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் கோப்பைகளைப் பரப்பினார். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு எதிரே இருந்தார். நோனா ஒரு வாய் குடித்துவிட்டுச் சுஜியைப் பார்த்தார். பொறியியலாளரும் குடித்தார். முதல் மிடறு வாயிலேயே நின்று, பிறகுதான் இறங்கியது. ஆனாலும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"வழமை போல அருமை. இந்தத் தண்ணியில ஒரு குறையும் இல்ல," என்றார். சுஜி அதை நோனாவுக்குச் சொன்னாள்.

அதுவரை வெட்கத்தில் குனிந்திருந்த ராத்தா நிமிர்ந்தார். வெட்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"மாஷா அல்லாஹ்! அப்ப இன்னொண்டு குடிங்க சேர்."

எங்கள் பக்கத்தில் ஊற்றிய கோப்பையை மிச்சம் வைத்துவிட்டு எழும்பினால் வீட்டையே அவமதித்தது போல. பத்து வருடமாக இந்தப் பகுதியில் வேலை செய்கிற அவருக்கு அது தெரியும். இரண்டாவது கோப்பையைக் குடித்தார்.

"இன்னொண்டு ஊத்துறன் சேர். ஒங்களுக்குத்தான் என்ட தேத்தண்ணி எண்டா உசிராச்சே."

மூன்றாவது கோப்பையில் நெற்றி வியர்த்தது. நோனா பேனையை மூடிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்ஹாக் நானா தூணுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டார். ராத்தா நான்காவது தடவை கேத்திலைச் சரித்தபோது, பொறியியலாளர் கோப்பையைக் கையால் மூடினார்.

"போதும் ராத்தா. ஏலாது."

"ஏன் சேர்? ஒரு குறையும் இல்லண்டு சொன்னீங்களே?"

அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். ஊர் முழுவதும் நின்றது.

"உப்பு," என்றார். சத்தம் உயரவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. அந்த ஒரு சொல்லுக்காக நான் எழுதிய கடிதங்கள் அறுபத்து நான்கு. சுஜி அதையும் மொழிபெயர்த்தாள்.

நான் கத்தப் போனேன். ராத்தா கண்ணாலேயே என்னை இருத்தினார். உள்ளே போய் மற்றக் கேத்திலைக் கொண்டுவந்து, முதல் கோப்பையைப் பொறியியலாளருக்கே நீட்டினார். "இது கனமூலத் தண்ணி, சேர். போன ரெண்டு தரமும் நீங்க குடிச்சது இதத்தான். சொல்லாம விட்டது எங்கட பிழை."

அவர் அதைக் குடித்து முடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டிய அறையை அவர்தான் திறந்தார். ஸப்ரான் ஒவ்வோர் உருளையாகத் தட்டிக் காட்டினான். மூன்று வெறுமையாக ஒலித்தன. நோனாவும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிறகு, தங்கள் நிறுவனத்து ஆட்களும் இந்தக் கதவைத் திறக்காமலேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று சுஜியைச் சொல்லச் சொன்னார். இவ்வளவு காலத்தில் பிழையை ஒப்புக்கொண்ட முதல் வெளிநாட்டு வாய் அதுதான்.

ஐந்து மாதத்தில் மூன்று உருளைகளுக்கும் உள் வடிகட்டியும் குழாயும் வந்தன. முதலில் வாங்கிய வடிகட்டிகள் யாருடைய கைக்குப் போயின என்ற விசாரணை நடக்கிறதாம். நடக்கட்டும், நானும் கடிதத்தை நிறுத்தவில்லை. பொறியியலாளருக்கு இடமாற்றம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், மூன்று கோப்பை குடித்தவர் எங்களை எப்படி மறப்பார்!

குழாயில் நல்ல தண்ணீர் வந்த முதல் நாள், ராத்தா ஒரு குடம் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். விருந்தாளிக்கு எடுக்கும் தங்கக்கரைக் கோப்பையைக் கழுவி, தேத்தண்ணி ஊற்றி, முன்வீட்டுக் கதிரையில் இருந்த இஸ்ஹாக் நானாவின் கையில் கொடுத்தார்.

"குடிங்க. இண்டைக்கு நீங்கதான் விருந்தாளி."

முப்பது வருடம் காத்திருந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். ராத்தா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இரிக்கி," என்றார் நானா. "உப்புத்தான் கொஞ்சம் காணாது."

ராத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் வடிந்தது. பிறகு உள்ளே போய் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினார்.