ஆடு ஏறிப் பார்த்த நீச்சல்குளம்

நம்ம பெரம்பலூர் பக்கம் குளத்தை வெட்டுவாங்க, தூர் வாருவாங்க. அதை மூடுறதும் ஒரு வேலைன்னு சொன்னா சிரிப்பாங்க. நான் மோட்டார் மெக்கானிக். மோட்டார் பாக்கப் போன எடத்துல வேற வேலை தலையில விழுந்து முழிச்சவங்களா நீங்க? அப்ப நாம ஒரே சாதி.

பெட்டி மேல பனி

லப்பைக்குடிக்காட்டுல ஒரு வூடு. பாய் துபாய்ல இருக்காரு. இங்க எல்லாம் அவரு சம்சாரம் ஜெய்னம்பு லாத்தாதான்; அங்க அக்காவை லாத்தான்னுதான் கூப்புடுவாங்க. மகனுங்க குடும்பத்தோட லீவுக்கு வந்தா குளிக்கறதுக்குன்னு கொல்லையில நீச்சல்குளம். அவங்க கெளம்புனதும், ஐப்பசி மழைக்கு முன்னாடி மூடிடணும். தண்ணிய ஒரு முழம் எறக்கி, பைப்பை அடைச்சு, மேல விரிப்பு போடணும். குளத்து மோட்டாரைப் பாக்கப் போன என் தலையில அதுவும் விழுந்துச்சு. விரிப்பை பாய் அனுப்பியிருந்தாரு. குளிர் நாட்டு சரக்கு. பெட்டியில ஒரு படம், குளத்து மேல முழங்கால் அளவுக்குப் பனி.

"இவ்வளவு பனியத் தாங்குமாம் லாத்தா"ன்னேன். அவங்க படத்தைப் பாக்கல, கொல்லைச் செவுரைப் பாத்தாங்க. அந்தப் பக்கம் தெருப்புள்ளைங்க பந்து வெளையாடுற சத்தம்.

"பனி எங்க தம்பி வரப்போவுது? செவுரேறிக் குதிக்கப்போறது இந்தப் புள்ளைங்கதான். அதுங்களத் தாங்குமா, அதச் சொல்லுங்க."

லாரிக் கட்டு

பாடாலூர்ல லாரிக்குத் தார்ப்பாய் கட்டுன கை இது. குளத்தைச் சுத்தி இருந்த இரும்பு வளையங்கள்ல அதே மாதிரி இழுத்துக் கட்டிட்டு, எனக்கே திருப்தியாப் போச்சு. ரெண்டு மழைதான். போன் வந்துச்சு.

போய்ப் பாத்தா குளத்து மேல இன்னொரு குளம். தவளை வேற குடியேறியிருந்துச்சு. லாரின்னா நடுவுல லோடு மேடா நிக்கும், தண்ணி வழிஞ்சிடும். இங்க நடுவுல என்ன இருக்கு? ஒரு புள்ள விழுந்தா விரிப்போட சுருட்டிக்கிட்டு உள்ள போயிடும். லாத்தா திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.

"கட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. லோடுதான் ஏத்த மறந்துட்டீங்க."

கட்டில்

மறுநாள் பஞ்சர் கடையில பழைய லாரி டியூபுங்களை வாங்கி, காத்தடிச்சு, ஒண்ணாக் கட்டி, விரிப்புக்கு அடியில நடுவுல மெதக்க விட்டேன். வைக்கப்போர் முதுகாட்டம் தூக்கி நின்னுச்சு, தண்ணி ரெண்டு பக்கமும் ஓடுச்சு. "மழை ஓடிடும். புள்ள?"ன்னு கேட்டுட்டு உள்ள போனவங்க, ஒரு நைலான் கயித்துக் கட்டிலை இழுத்துட்டு வந்தாங்க. மகனுங்க மூணு பேரும் ஏறிக் குதிச்சு வளந்த கட்டிலாம். இன்னும் ஒரு பின்னல்கூட விட்டுப்போகல.

அதையே பாத்து விரிப்பு மேல வளையத்துக்கு வளையம் கயிறு பின்னுனேன். மறுமுனைய இழுத்துப் புடிச்சது அவங்கதான். என் கைதான் கொப்புளம் போட்டுச்சு. பொழுது சாயற நேரம் போதும்னு எந்திரிச்சேன். அவங்க மூலையில ஒரு எடைவெளியில காலை வெச்சுக் காட்டுனாங்க.

"இதுல ஒரு காலு போவும் தம்பி. காலு போனா ஆளு போவும்."

பரிச்சை

கார்த்திகையில ஒரு நாள், "உடனே வாங்க"ன்னு போன். என்னன்னு கேட்டா, "வந்து பாருங்க." கெடைச்ச பஸ்ஸைப் புடிச்சேன்.

போனா, செவுரு மேல வரிசையா தெருப்புள்ளைங்க. குளத்து நடுவுல, டியூப் மேட்டு மேல, பக்கத்து வூட்டு வெள்ளாடு. செவுருலேருந்து குதிச்சிருக்கு. ஒரு கயிறும் தளரல, குளம்புகூட நனையல. தழைய நீட்டுனாலும் வர மாட்டேங்குது, அதுக்கு எடம் புடிச்சுப்போச்சு. "நாங்களும் ஏறவா?"ன்னு ஒருத்தன் கேட்டான். "ஏறு, காலை ஒடிக்கிறேன்"னு லாத்தா ஒரு அதட்டு அதட்டிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாச் சொன்னாங்க.

"மழை ஆரம்பிச்சதுலேருந்து சரியாத் தூங்கல தம்பி. இன்னிக்குத் தூங்குவேன்."

எத்தனையோ மோட்டாரை ஓட வெச்சிருக்கேன், ஆனா என் வேலை மேல ஏறி நின்னு சர்டிபிகேட் குடுத்தது இதுவரைக்கும் அந்த ஆடு ஒண்ணுதான்.