சமதரையில் நின்ற ஜீப்பு

முதலாளியின் ஜீப்புக்கு வாங்கிய புது பேட்டரியைத் திருடியவன் நான்தான். அதனால் ஒரு மனிதனின் கால் போயிற்று. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இதைப் படித்ததும் நீங்கள் காறித் துப்பினாலும் சரி, மேலே படித்தாலும் சரி.

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் டிரைவராக இருந்தேன். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் விற்றுத் தள்ளிய ஜீப்பு அது. அதன் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. நான் பார்க்காத வைத்தியமில்லை. மூடிகளைத் திருகிக் குறைந்த தண்ணீரை ஊற்றுவேன். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையை வெந்நீரில் கழுவி கிரீஸ் தடவுவேன். என்ன செய்து என்ன... மலைக்குளிரில் கிடந்தால் காலையில் அதற்கு மூச்சே இருக்காது!

அதனால் மலை டிரைவர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். சாயங்காலம் வண்டியைச் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பேன். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும். உருளும்போது கிளட்ச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

சேற்றில் உருளாமல் நின்றுவிட்டால் தள்ளிவிட வருகிறவன் சிவனாண்டி. அடிவாரத்துக் குரங்கணி ஊர்க்காரன். ஏலச்செடிக்கு வெளிச்சம் இறங்க வேண்டுமென்று நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவன் வேலை.

"அண்ணே, பெட்ரோல வண்டிக்கு ஊத்துறதுக்குப் பதிலா எனக்குக் கஞ்சி ஊத்துங்க. நாந்தான இழுக்குறேன்!" என்பான்.

முதலாளி ஒருவழியாகப் புது பேட்டரி வாங்கித் தந்தார். மாட்டுவதற்குப் போடிக்கு இறங்கினேன். அங்கே என் தங்கை புருஷன் வந்து நின்றான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவனுடைய காரும் காலையில் கிளம்பாமல் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், எஸ்டேட்டே உங்க கையிலதான்னு ஊரெல்லாம் பீத்திக்கிறீக. மாப்ளைக்கு ஒரு பேட்டரி தர வக்கில்லையாக்கும்?"

தங்கைக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அவன் முன்னால் பெரிய மனுஷனாக நிற்க எனக்கு ஆசை. "எடுத்துட்டுப் போ மாப்ளே, பேசாத" என்றேன். பழைய பேட்டரியையே சோடா உப்புப் போட்டுக் கழுவி, மேலே புதிதாகத் தார் பூசி ஜீப்பில் வைத்தேன். சரிவும் கல்லும் இருக்கும்வரை எவனுக்குத் தெரியப்போகிறது!

அந்த நினைப்பில் முதலாளியே மண்ணைப் போட்டார்.

"என்ன முத்து, புது பேட்டரி போட்டும் பிச்சைக்கார வண்டி மாதிரி கல்லு வச்சு நிறுத்துற? நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாக? பங்களா முன்னால சமதரையில நிறுத்துப்பா."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. "சரிங்க முதலாளி" என்றேன்... நிறுத்தினேன்.

மறுநாள் காலை மழைத் தூறலில் மரம் வழுக்கிச் சிவனாண்டி விழுந்தான். வெட்டிய கிளை அவன் காலின் மேலேயே விழுந்தது. சாக்கில் தூக்கிவந்து ஜீப்பின் பின்னால் கிடத்தினார்கள். நான் ஸ்டார்ட்டரை மிதித்தேன். ஒரு முனகல். அவ்வளவுதான். முன்னால் எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியைச் செருகித் தோள்பட்டை கழன்றுபோகச் சுற்றினேன். பேட்டரியில் துளி உயிர் இருந்தாலல்லவா பொறி வரும்!

தள்ளினார்கள். சமதரை முழுவதும் சேறு. சக்கரம் புதைந்தது. சரிவுக்குப் போகும் பாதையோ முதலில் மேடு. வண்டிக்குள் கட்டுப்போட்ட துணியெல்லாம் ரத்தம்.

"என்னண்ணே... நான் வேணா இறங்கித் தள்ளட்டா?" என்றான் சிவனாண்டி. வெளுத்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தான்.

அடப்பாவி! அப்போதாவது நீ என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரிலிருந்து பெண்களும் ஓடிவந்து கயிறு கட்டி இழுத்துத்தான் வண்டி சரிவுக்குப் போயிற்று. உருண்ட வேகத்தில் டைனமோ சுற்றித்தான் எஞ்சின் பிடித்தது. அதற்குள் காலைப்பொழுது முழுக்கப் போய்விட்டது. வளைவுகளில் நான் எப்படி இறங்கினேன் என்று இன்றும் நினைவில்லை. போடி ஆஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெரசாக் கொண்டாந்திருக்கக் கூடாதாய்யா? காலைக் காப்பாத்தியிருக்கலாமே" என்றார். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

"புது பேட்டரிக்கு என்னப்பா வந்துச்சு?" என்று முதலாளி கேட்டார்.

"மலைக்குளிருங்க முதலாளி."

நம்பினார். எல்லோரும் நம்பினார்கள். குளிருக்கு வாயா இருக்கிறது, மறுத்துச் சொல்ல?

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் காரைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கி வந்தேன். அவன் தெருவில் நின்று கத்தினான். மறுநாள் ஜீப்பு மிதித்தவுடன் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. உடனே அணைத்துவிட்டேன்.

சிவனாண்டிக்கு ஸ்டோரில் உட்கார்ந்து காய் பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். மரத்தின் உச்சியில் நின்று பாடியவன், பெண்களோடு தரையில் உட்கார்ந்து சுளகில் புடைக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம், "முத்தண்ணே மட்டும் விடாமப் போராடலேன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன்" என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! அவன் மேலா, என் மேலா... தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை அவன் வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். போனதும் அவன் மனைவி கடுங்காப்பி கொண்டுவந்து வைப்பாள். குடித்துவிட்டுத் திரும்புவேன். அடி விழும் என்ற பயமா? இல்லை. அந்த மரியாதை போய்விடுமே என்ற பயம். அவ்வளவு கேவலமானவன் நான்!

அடுத்த வருஷம் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. என் பெயரை வைத்தான். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பையன் இப்போது நன்றாக ஓடுகிறான். அடுப்படி வெல்லத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். சிவனாண்டியால் துரத்த முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவான்:

"டேய் முத்து! திருட்டுப் பயலே, இங்க வாடா!"

பையன் திரும்புவதற்கு முன்னால் நான் திரும்பிவிடுகிறேன்.