சரோஜா தட்டில் நான் வைத்த சினை

என் மனைவி சரோஜா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். தானாக மூச்சு இல்லை. நர்ஸ் அம்மா ரப்பர் பையை அமுக்கினால் அவள் நெஞ்சு ஏறியது, விட்டால் இறங்கியது. அவ்வளவுதான் அவளிடம் இருந்த அசைவு. கோயிலில் கூடியிருக்கும் பொன்னியம்மன் பிள்ளைகளே, அவளை அந்தக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது விதியும் இல்லை, செய்வினையும் இல்லை. நான்தான். கட்டிய கணவன். என் கையால் எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

அது எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாசம். எங்களுக்குப் புதுவாயல் பக்கத்தில் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. மழை ஏமாற்றிய ஒரு வருஷத்தில், ரோட்டோரம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த சிநேகிதன் கன்னியப்பன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். ஏரி என்று பேரே தவிர அது உப்புத் தண்ணீர். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு அவன் தினமும் கிண்டல் செய்வான்.

"குட்டை மீன் துன்றவனுக்கு உப்புத்தண்ணி மீன் ருசி இன்னா நைனா தெரியும்?"

எனக்கு ரோஷம் அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "நானே வந்து புடிச்சுக் காட்றேன் பாரு" என்று ஒருநாள் வாய் விட்டுவிட்டேன். அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். "இன்னிக்கு என் கையால புடிச்ச மீன்தான் கொழம்பு, புளி கரைச்சு வை" என்று சரோஜாவிடம் பெருமை பேசிவிட்டுப் போனேன்.

படகில் கன்னியப்பன், அவன் அண்ணன், அவன் மாமன், நான். நிலத்துக்காரன் ஒருவன் வசமாகச் சிக்கினால் விடுவார்களா? படகில் ஏறும்போது செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டால்தான் மீன் வரும் என்றான் கன்னியப்பன். நானும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வலையில் ஏறிய முதல் மடவை மீனுக்குக் கும்பிடு போட வேண்டும் என்றார்கள். போட்டேன். இந்த நண்டு கடிக்காத சாதி என்று கையில் கொடுத்தார்கள். கட்டைவிரல் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே கறுவிக்கொண்டிருந்தேன்.

வீச்சு வலையில் அவர்களுக்கு மடவையும் கிழங்கானும் இறாலும் வந்துகொண்டே இருந்தன. என் தூண்டிலில் ஒன்றுமில்லை. வெயில் ஏறிய பிறகுதான் ஒன்று இழுத்தது. நல்ல கனம். தூக்கிப் படகில் போட்டால், அது வயிறு உப்பி உப்பிப் பந்து மாதிரி ஆகி, பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மறுபடியும் ஒரே சிரிப்பு.

"அது பேத்தை. வெசம். துன்னா செத்துப் பூடுவ. தூக்கித் தண்ணியில போடு" என்றான் கன்னியப்பன்.

நன்றாகக் கேளுங்கள். அவன் சொன்னான். தெளிவாகவே சொன்னான். சொல்லவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது. ஆனால் செருப்புக்குச் சிரித்த சிரிப்பு அப்போதும் அவன் முகத்தில் இருந்தது. இதுவும் அந்த வரிசையில் ஒன்று என்று நினைத்தேன். நான் பிடித்த ஒரே மீனையும் போடச் சொல்லி, வெறுங்கையோடு அனுப்பி, நாளைக்குக் கம்பெனியில் சொல்லிச் சிரிக்கப் போகிறார்கள் என்று என் புத்தி கணக்குப் போட்டது. அவர்கள் வலை இழுக்கத் திரும்பியபோது மீனை என் பையில் அடியில் திணித்தேன்.

"போட்டுட்டியா?" என்றான்.

"போட்டாச்சு" என்றேன்.

கன்னியப்பன் வீட்டில் நண்டுக் குழம்பும் சோறும் போட்டார்கள். மூக்கு முட்டச் சாப்பிட்டேன். அவன் அண்ணி ஒரு பை நிறைய மடவை கொடுத்தனுப்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கால்வாய்ப் பக்கம் ஒதுங்கினேன். அந்த மீனின் மூஞ்சியைப் பார்த்தால் சரோஜா அடுப்பில் ஏற்ற மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தலையை வெட்டி எறிந்தேன். தோலை உரித்து எறிந்தேன். உள்ளே சதை வெள்ளை வெளேரென்று இருந்தது. வயிற்றில் கொழுத்த சினை. சரோஜாவுக்கு மீன் சினை என்றால் உயிர். அதைத் தனியாக இலையில் மடித்து எடுத்துப் போனேன்.

"இன்னாய்யா மீனு இது, தலையே இல்ல?" என்றாள்.

"பெரிய மீனு. தலைய அங்கியே வெட்டிட்டாங்க."

மடவையைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். என் மீன்தான் எங்கள் வீட்டில் கொதிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. சினையை மிளகாய்த்தூள் போட்டு வறுத்தாள். எனக்கு வயிறு நிறைந்திருந்ததால் நான் உட்காரவில்லை. வறுத்த சினையை என் கையாலேயே எடுத்து அவள் தட்டில் வைத்து, "துன்னு பாரு, யாரு புடிச்சது!" என்றேன். அவள் முதலில் அதைத்தான் சாப்பிட்டாள்.

எங்கள் மகள் கௌரிக்கு அப்போது இரண்டு வயது. அவளுக்குக் குழம்புச் சோறு பிசைந்த சரோஜா பாதியில் நிறுத்தினாள். "நாக்கு சுருசுருங்குது. காரம் ஜாஸ்தியாப் போச்சு போல. கொழந்தைக்கு வோணாம்" என்று அதை ஒதுக்கிவிட்டு மோர் ஊற்றி வேறு சோறு பிசைந்தாள். அந்த ஒரு கவளம் மட்டும் பிள்ளை வாய்க்குள் போயிருந்தால்? பொன்னியம்மா அங்கேயே என் வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்றுதான் நம்புகிறேன்.

கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது என்றாள். பிறகு விரல். வாந்தி எடுத்தாள். எழுந்து நிற்கப் போனவள் கால் மடங்கி விழுந்தாள். பேச்சு குழறியது. அடுத்த தெருவில் இருந்த அவள் அண்ணன் தணிகாசலம் ஓடிவந்தார். பெரிய ரோட்டில் போன லாரியை மறித்து ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவளுக்குக் கண் இமைகூட அசையவில்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். "என்ன சாப்பிட்டாங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

"மீன் கொழம்பு" என்றேன்.

"என்ன மீன்? எங்க வாங்கினது?"

தணிகாசலம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டி எறிந்த தலையும் உரித்த தோலும் என் கண்முன் வந்தன. விஷம் என்று ஒருவன் சொல்லியும் மறைத்து எடுத்து வந்து கொடுத்தேன் என்றால் அதற்குப் பேர் என்ன? என் வாய் தானாகச் சொன்னது: "மார்க்கெட்ல வாங்குன மடவைதாங்க."

இதுதான் நான் செய்த பாவம். மீனைச் சமைக்கக் கொடுத்தது அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். இதை அறிந்தே செய்தேன்.

மடவையில் யாருக்கும் இப்படி ஆகாதே என்று டாக்டரம்மா யோசித்தார். பூச்சி மருந்து குடித்தாளா என்று கேட்டார். வீட்டில் சண்டையா என்று கேட்டார். இல்லை இல்லை என்றேன். அறுப்பு முடிந்து வைக்கோல் கிடக்கும் ஊர் என்பதால் கட்டுவிரியன் பாம்பு தீண்டியிருக்கலாம் என்று உடம்பெல்லாம் பல் பட்ட தடம் தேடினார். அதற்கான ஊசியும் போட்டார். மூச்சு நின்றது. தொண்டையில் குழாய் விட்டு, ஆபரேஷனுக்கு வைத்திருந்த ரப்பர் பையைப் பொருத்தினார்கள். டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணின் கருமணி அசையவில்லை. டாக்டரம்மா தணிகாசலத்தைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் பொன்னியம்மாவைக் கூப்பிட்டேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். தாயே, மொட்டை போடுகிறேன். தீ மிதிக்கிறேன். வருஷா வருஷம் கூழ் ஊற்றுகிறேன். ஆயுசுக்கும் மீன் தொடமாட்டேன். என் உயிரை எடுத்துக்கொள். எல்லாவற்றையும் கொடுத்தேன். ஒன்றைத் தவிர. அது எனக்கே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் வேண்டினேன்.

நர்ஸ் அம்மா டாக்டரைப் பார்த்தாள். பையை நிறுத்தலாமா என்று அந்தப் பார்வை கேட்டது. அந்த நொடியில் எனக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. யாரோ பிடரியில் தட்டியது போல என் வாய் திறந்துகொண்டது.

"நிறுத்தாதீங்கம்மா! நான் பொய் சொல்ட்டேன். அது மடவை இல்ல. பேத்தை. பழவேற்காட்டு ஏரியில நான் புடிச்சது. வெசம்னு சொன்னாங்க, நான் நம்பல. தோல உரிச்சு மறைச்சுக் குடுத்துட்டேன். சினைய நான்தான் தட்டுல வச்சேன்."

தணிகாசலம் என் சட்டையைப் பிடித்தார். "அடப்பாவி, என் தங்கச்சிய..." என்று உலுக்கினார். டாக்டரம்மா இடையில் வந்து விலக்கினார். அவர் தூத்துக்குடிக்காரர். கடற்கரையில் வளர்ந்தவர்.

"இதை வந்தவுடனே சொல்லியிருக்கணும். எங்க ஊர்ல இந்த மீனுக்கு ஆள் செத்திருக்காங்க, பிழைச்சும் இருக்காங்க. இதுக்கு மருந்து கிடையாது. ஆனா விஷம் தானா இறங்கும். அதுவரைக்கும் மூச்சை நாமதான் கொடுக்கணும். கண்ணு அசையலைன்னா உயிர் போச்சுன்னு அர்த்தம் இல்லை. யாரும் பையை விடாதீங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி டாக்டரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? நீங்களே சொல்லுங்கள்.

நானும் தணிகாசலமும் நர்ஸ் அம்மாவும் மாற்றி மாற்றி அமுக்கினோம். என்னைக் கொல்லும் கோபத்தில் இருந்த அந்த மனிதர் என் பக்கத்தில் நின்று, என் கை சோரும்போதெல்லாம் பையை வாங்கிக்கொண்டார். மறுநாள் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு இமை. மத்தியானம் தானாக மூச்சு விட்டாள். குழாயை எடுத்ததும் அவள் கேட்டது, "கொழந்த சாப்டுச்சா?"

நான் வராந்தாவுக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

கன்னியப்பன் சேதி கேட்டு ஓடிவந்தான். என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். "காலையிலேர்ந்து ஒன்ன கேலி பண்ணிக்கினே இருந்தேன். அத்தொட்டுதான நீ நம்பல" என்று அவன் அழுதான். அவன்மேல் ஒரு துளி தப்பு இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து தண்ணீரில் அவன் தமாஷ் பேசுவதில்லை. அவன் சிரிப்பையும் நான்தான் கெடுத்தேன்.

வேண்டியபடி மொட்டை போட்டேன், தீ மிதித்தேன். கூழ் ஊற்றும்போதெல்லாம் கோயிலில் நின்று இதைச் சொல்லியும் வந்தேன். ஆனால் மார்க்கெட் மீன் என்று பொய் சொன்ன இடத்தை மட்டும் தாண்டிவிடுவேன். தணிகாசலமும் பெரிய மனசு பண்ணி, அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. "உன் வேண்டுதல் பலித்ததப்பா" என்று கேட்டவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். சரோஜா பெண்கள் பக்கம் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன ஆடியில் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன்யா, அந்த மார்க்கெட் மீன் கதைய மட்டும் உட்டுட்ற?"

"ஒனுக்கு எப்படித் தெரியும்?"

"ஒடம்புதான் செத்துக் கெடந்துது. காது நல்லாத்தான் கேட்டுது. நீ டாக்டராண்ட சொன்னதும் கேட்டுது. மார்க்கெட்டுன்னு நீ சொன்னப்பவே, மீன்ல ஏதோ கீதுன்னு புரிஞ்சிபோச்சு. கத்தணும்னு பாக்கறேன், நாக்கு வரல."

"அப்புறம் ஏன் இத்தினி வருசம்..."

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே மேலும் சொன்னாள்: "மொட்டை போட்றேன், தீ மிதிக்கிறேன்னு நீ கட்டில் கால்ல ஒக்காந்து பேரம் பேசிக்கினு இருந்ததும் கேட்டுது. நான் அம்மாகிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டேன். என் உசுருகூட அப்பால, மொதல்ல இந்த ஆளு வாயத் தொறக்க வையி தாயேன்னு."

அம்மாவின் பிள்ளைகளே, இத்தனை வருஷம் என் வேண்டுதலுக்குக் கிடைத்த பலன் என்று நான் சொல்லிக்கொண்டது பொய். அம்மா கேட்டது என் குரலை இல்லை. அசையக்கூட முடியாமல் கிடந்த ஒருத்தியின் குரலை. சாட்சி சொல்ல வேண்டியவள் அவள்தான். கூப்பிட்டேன். "எனுக்கு மேடையெல்லாம் பேஜாரு. நீ ஒழுங்கா சொன்னா போதும்" என்றுவிட்டாள்.

ஒழுங்காகச் சொல்லிவிட்டேன். அம்மாவை நம்புங்கள். வாய் பேச முடியாதவர் மனசுக்குள் கேட்பதையும் அவள் கேட்கிறாள். ஆனால் அவளிடம் எதையாவது கேட்கப் போகும்போது, எதை மறைத்துக்கொண்டு கேட்கிறோம் என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் கிடப்பவளுக்கு அது கேட்டுக்கொண்டிருக்கும்.