சுவரைப் பார்த்து நிற்கும் மாஸ்டர்

"ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. எமகண்டம் மூன்று முதல் நாலரை. குளிகை ஏழரை முதல் ஒன்பது..."

ஞானதாஸ் மாஸ்டர் சுவரோடு ஒட்டி நின்று நாள்காட்டியை உரக்க வாசிக்கிறார் என்றால், அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ கம்ப்யூட்டரில் கார்டு நம்பரை அடிக்கிறார்கள் என்று அர்த்தம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷருக்கு ராகு காலத்தோடு என்ன உறவு என்று கேட்டால் சிரிப்பார். "கண்ணு எங்க கீதுன்னு வாய் சொல்லணும்பா. சும்மா திரும்பி நின்னா, ஓரக்கண்ணால பாத்துக்கினு இருந்தான்னு சொல்லிடுவானுங்க."

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இருக்கிறது அவர் கடை. முன்பு தட்டச்சுப் பள்ளி. இப்போது நாலு கம்ப்யூட்டர், தடுப்புக்குப் பழைய புடவைத் துணித் திரை, ஒரே ஒரு இன்டர்நெட் லைன். வாத்தியார் வேலை போனாலும் 'மாஸ்டர்' போகவில்லை, தட்டும் பழக்கமும் போகவில்லை. என்டர் விசையை அவர் தட்டினால் பக்கத்து மேஜையில் டீ தளும்பும். சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது ரயில் டிக்கெட், பரீட்சைக் கட்டணம் என்று கார்டில் கட்ட வேண்டியது வந்தால் இங்கேதான் வந்தாக வேண்டும். ஊருக்கே கார்டில் பணம் கட்ட வழி காட்டுகிற இவரிடம் கார்டும் கிடையாது, செல்போனும் கிடையாது. "பாஸ்புக் கீது, கடையில லேண்ட்லைன் கீது. ஒரு மனுசனுக்கு இதுக்கு மேல இன்னா வேணும்?" என்பார்.

சுவர்ப் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. கடை தொடங்கிய புதிதில் ஒருவர் கணக்கிலிருந்து பணம் காணாமல் போனது. அவர் கடைசியாகக் கார்டு போட்ட இடம் இது என்பதால் ஊர் முழுக்க மாஸ்டரைத்தான் பார்த்தது. டீக்கடையில் இவர் போய் நின்றால் பேச்சு நின்றது. கடைசியில் எடுத்தவன் அந்த ஆளின் சொந்த மச்சான் என்று தெரிந்தது. தெரிந்து என்ன? பழி போட்ட வாய் ஒன்றாவது வந்து மன்னிப்புக் கேட்டதா? இல்லை. அன்றைக்கு எடுத்த முடிவு: அடுத்தவர் கார்டை இவர் கை தொடாது, அடுத்தவர் பாஸ்வேர்டை இவர் கண்ணும் பார்க்காது, காதும் கேட்காது.

இன்னொரு சட்டமும் கடையில் உண்டு. பணம் கட்டும் பொத்தானை அமுக்கித் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்ததும், "கைய எடு!" என்று ஒரு குரல் கொடுப்பார். நாலு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்திருப்பவர்கள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். இருக்கிற ஒரு லைனை ஆளுக்கொரு பக்கம் இழுக்கக் கூடாதாம். கல்யாணத் தளத்தில் தினமும் பெண் தேடுகிற ராஜாராம்தான் இதில் அதிகம் அடிபட்டவர். நல்ல பொண்ணு போட்டோ பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் பாவம்.

இந்தச் சட்டமெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்டம் கண்டது.

காவாந்தண்டலத்திலிருந்து மார்த்தாள் வந்தாள். நாற்று நடுகிற இடத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். புடவை ஓரத்தில் சேறு காயவில்லை. சுருக்குப்பையிலிருந்து கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள். மகள் நிஷாவின் சம்பளக் கார்டு அது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போனுக்கு மூடி மாட்டுகிற வேலை அவளுக்கு. போன ஞாயிற்றுக்கிழமை இதே கடைக்கு வந்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பியவள், கணக்கில் காசு இல்லாததால் கட்டணம் மட்டும் கட்டாமல் போயிருந்தாள். இப்போது சம்பளம் ஏறிவிட்டது. கட்டணம் கார்டில் மட்டும்தான் கட்டலாம். அதற்கு அன்றுதான் கடைசி நாள்.

"பொண்ணுக்கு லீவு தரல மாஸ்டரு. கார்ட குடுத்து, பாஸ்வேர்ட நெட்டுரு போட வெச்சி அனுப்பிக்கீறா. நீயே போட்டுடு."

"என் கை படாதும்மா. நீ உக்காரு. நிஷா ஃபாரத்த எடுத்து வெக்கிறேன். கார்டுல கீற நம்பர பாத்து அப்பிடியே அடி. நான் திரும்பிக்கிறேன்."

அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சுவருக்குப் போனார். ராகு காலம் முடித்து, சந்திராஷ்டமம் முடித்து, கீழே இருந்த வீட்டுக் குறிப்பு வரைக்கும் வாசித்துவிட்டுத் திரும்பினார். திரையில் ஒரு எண்கூட விழவில்லை. மார்த்தாள் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பஸ்ஸு நம்பரே ஆள கேட்டுதான் ஏறுவேன். என்ன போயி இதுல குந்த வெச்சிக்கீறியே!"

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு வழக்கமான மின்வெட்டு. நிஷாவுக்குப் போன் போடலாம் என்றால், செல்போன் செய்கிற அந்தக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ராஜாராமை அடிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

அவ்வளவுதான், மார்த்தாளுக்கு வந்ததே கோபம்!

"அந்தாள எனக்கு இன்னா தெரியும்? மாஸ்டரு கைல குடும்மா, வேற யார்கிட்டயும் குடுக்காதன்னு சொல்லி அனுப்பினா எம் பொண்ணு. நீ உன் பேரு கெட்டுடும்னு பாக்கற. அவ அங்க நாளெல்லாம் நின்னுக்கினே வேல செஞ்சி காலு வீங்கிப்போயி கீறா. இன்னிக்கு வுட்டா இன்னும் ஒரு வருசம் நிக்கணும். அத நெனச்சியா நீ?"

ராஜாராம் பெண் தேடுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு கடையிலிருந்த எல்லாரையும் வெளியே போய் நிற்கச் சொன்னார். ராஜாராம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "போய்யா, உன் பொண்ணு எங்கயும் ஓடிடாது!" என்று அவரையும் விரட்டினார். மின்விசிறிகளை நிறுத்தினார். யு.பி.எஸ். பழசு, கரண்டு போனால் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் பெட்டியும் கொஞ்ச நேரம் தாங்கினாலே பெரிய விஷயம்.

கார்டை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து எடுத்தார், சூடான பாத்திரத்தை எடுப்பதுபோல. எண்களை அடித்தார். முதுகுப்பக்கத்து மூன்று எண்ணையும் அடித்தார். பாஸ்வேர்டு கேட்டது.

"காதுல சொல்லு" என்று வலது பக்கம் சாய்ந்தார்.

மார்த்தாள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஏழு வருடமாக எந்த ரகசியமும் நுழையாத காதில் அது நுழைந்தது. மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பத்து விரலும் தானாக ஓடின. என்டரைத் தட்டினார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"கைய எடு!" என்றார். கடையில் அவரையும் அவளையும் தவிர யாரும் இல்லை. மார்த்தாள் இரண்டு கையையும் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. நாலு மணி ஆவதற்குள் பிடுங்கிவிட்டான் பாவி. மற்ற மூன்று திரையும் அணைந்தன. யு.பி.எஸ். கீ கீ என்று கத்தத் தொடங்கியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி தட்டினால் இரண்டு முறை காசு போகும். தட்டாமல் விட்டு யு.பி.எஸ். படுத்துவிட்டால், போனதா இல்லையா என்றே தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார மாஸ்டரால் முடியவில்லை. எழுந்து சுவருக்குப் போய்விட்டார்.

"ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. எமகண்டம் மூன்று முதல்..."

மணியைப் பார்த்தார். மூன்றரை தாண்டியிருந்தது. நமக்கேது எமகண்டம் என்று எத்தனையோ பேரிடம் சொன்னவர்தான். குளிகைக்குத் தாவினார்.

"மாஸ்டரு, சுத்தறது நின்னுட்சி."

அவர் திரும்பவில்லை. "இன்னா கலர்ல வந்துகீது, பாரு."

"பச்ச. பெருசா ஒரு டிக்கு போட்டுகீது. கீய ஏதோ எயுதிகீது."

ஓடி வந்தார். கட்டணம் ஏறியிருந்தது, ரசீது எண் வந்திருந்தது. அச்சடிக்கப் பிரிண்டருக்குக் கரண்டு இல்லை, கைக்கு ஒரு தாளும் அகப்படவில்லை. காலையில் கடை திறக்கும்போது மட்டுமே நாள்காட்டியில் கை வைக்கிறவர், எட்டி அன்றைய தாளைச் சர்ரென்று கிழித்து அதன் பின்பக்கத்தில் எண்ணை எழுதினார். எழுதி முடித்ததும் யு.பி.எஸ். ஒரு நீளக் கத்தல் கத்திவிட்டு அடங்கியது.

"பத்திரம். ஞாயித்துக்கெழம நிஷாவ வந்து பாஸ்வேர்ட மாத்திட சொல்லு. மறந்துடப் போறா."

"நீ யார்கிட்ட சொல்லப்போற!" என்று மார்த்தாள் தாளையும் கார்டையும் ஒன்றாகச் சுருக்குப்பையில் திணித்தாள். "போறேன் மாஸ்டரு. நடவு பாதில நிக்கிது."

அவள் படியிறங்கிப் போனாள். வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மாஸ்டர் மூலையில் போய் நின்று, தோளிலிருந்த துண்டின் நுனியைத் திரித்து வலது காதுக்குள் விட்டு, நன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.