ஃப்ளாக் என்று பெயரிட்ட கோப்பு

என் மனைவி இறப்பதற்கு முந்தைய பெரிய வெள்ளியன்று, கோயில் பாடகர் குழுவோடு அவள் பாடிய புலம்பலை நான்தான் பதிவு செய்தேன். தேதி, நேரம், மைக் வைத்த தூண், மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னது வரை எழுதி வைத்திருக்கிறேன். அவள் பாடியதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

பாதுகாப்புக்காக அதன் ஃப்ளாக் நகல் ஒன்றை ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் குடியிருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். திருச்செங்கோட்டுக்காரர், ஆள் உயர ஸ்பீக்கர்கள் வைத்திருப்பவர். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போவேன். சண்டை எப்போதும் ஒன்றே. எம்பி3 ஒலியைச் சுருக்கும்போது கொஞ்சத்தைத் தூக்கி எறிந்துவிடும், ஃப்ளாக் வகைக் கோப்பு எதையும் இழக்காது என்பேன்.

"எறியறது காதுக்கே எட்டாததுங்க. நீங்க என்ன வௌவாலுங்களா?" என்பார்.

பிறகு அவள் பாட்டைப் போடுவார். "மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது பாருங்க. இதுதான் ஃப்ளாக்" என்பேன். சிரித்துக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் என் கணினியின் டிஸ்க் செத்தது. அவர் தன்னிடம் இருந்ததைப் பென்டிரைவில் போட்டுத் தந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "உடுங்க சாமி" என்றார்.

வீட்டுக்கு வந்து, ஒலியைப் படமாகக் காட்டும் மென்பொருளில் அதைத் திறந்தேன். உச்ச ஒலிகள் இருக்கவேண்டிய படத்தின் மேல்பகுதி கத்தியால் நறுக்கியதுபோல் ஒரே கோட்டில் நின்றது. எம்பி3 ஆக்கியதன் அடையாளம். பெயர் மட்டும் ஃப்ளாக்.

அன்று மாலையே போய்க் கேட்டேன். மறுக்கவில்லை.

"நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு பாக்கத்தானுங்க எம்பி3 ஆக்கி, திரும்ப ஃப்ளாக்கா மாத்தி வெச்சேன். ஒரிஜினல் உங்க ஊட்டுல இருக்குதேன்னு இங்க அழிச்சுட்டேன். ரெண்டு வருசமா கேட்டீங்க. ஒரு நாளாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

தெரியவில்லை.

"டிஸ்க் போச்சுன்னு வந்து நின்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்னங்க ஆவப்போவுது? சந்தோசமாத்தான கேட்டுட்டிருந்தீங்க?"

என்னைச் சோதிக்க அவருக்கு வேறு பாட்டா கிடைக்கவில்லை? அதைக்கூட விளையாட்டு என்று விட்டுவிடுவேன். நான் அழுதபோது உண்மையை மறைத்துக்கொண்டு நின்றாரே, அதை விட முடியவில்லை.

"அடுத்த வாரம் வருவீங்கல்லங்க?" என்று கேட்டுக்கொண்டே கேட்வரை வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் போகவும் இல்லை.

பாட்டை இன்றும் போட்டுக் கேட்கிறேன். முன்பு இரண்டாவது வரியிலேயே கண் கலங்கிவிடும். இப்போது பாட்டு முடியும்வரை, எது இல்லை என்றுதான் காது தேடுகிறது.