நர்ஸம்மா சாப்பிட்ட காலை

மஞ்சூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தேயிலை எஸ்டேட்டில் நான் கிளார்க்காக இருந்தேன். அங்கே பிரசவம் என்றால் எல்லோரும் எஸ்டேட் நர்ஸம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். ஒடிசலான உருவம், கழுத்தில் சின்னச் சிலுவை, எப்போதும் வெள்ளைப் புடவை.

என் மனைவிக்கு வலி கண்ட காலையில் மழையோடு ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வலி எப்படி வருகிறது என்று விசாரித்தார்.

"இன்னும் நேரம் இருக்குதுங்க தம்பி. உக்காருங்க."

ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிடத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்கம்மா, அங்க அவ துடிக்கிறா. நீங்க சோறு திங்கறீங்களே!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"லைன்ல பொறந்த புள்ள பொழைக்கலீங்க தம்பி. ராத்திரியிலிருந்து நான் ஒண்ணும் சாப்புடலீங்க. இப்படியே உங்க ஊட்டுக்கு வரக் கூடாதுங்க. நாளைக்கும் யாராச்சும் கூப்புடுவாங்க, அதுக்கும் நான் இருக்கோணுமில்லீங்க."

சாப்பிட்டு முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் எனக்கு முன்னால் நடந்தார்.

மத்தியானம் எங்களுக்கு மகள் பிறந்தாள். நர்ஸம்மாவை அவர் வீடுவரை கொண்டுபோய் விட்டு, வாசலில் நின்று நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"நாளைக்குச் சொல்லுங்க தம்பி. இப்பத் தூங்கோணும்."

கதவைச் சாத்திக்கொண்டார். மழையில் நின்றபடியே அந்தக் கதவைப் பார்த்துக் கும்பிட்டேன்.